மெஷின் குஞ்சுகள்

காங்கேயத்தைத் தாண்டித் தாராபுரம் போகிற வழியில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. அதில் மரகதம் என்று ஒருவர். காவி கிடையாது, ருத்ராட்சம் கிடையாது, வாசலில் போர்டு கிடையாது. வீட்டுக்குப் பின்னால் சில்க்கிக் கோழி வளர்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் மனசு சரியில்லை என்றால் அந்தப் பக்கத்து ஆட்கள் அங்கேதான் போய் நிற்பார்கள். போனவர்களுக்கு அவர் பதில் ஏதும் சொல்வதில்லை. ஏதாவது வேலை கொடுப்பார்.

சென்னியப்பன் அவருடைய முதல் சீடர். இது சென்னியப்பன் சொல்வது. மரகதம் அப்படி யாரையும் சேர்த்துக்கொண்டதாக ஒருநாளும் சொன்னதில்லை.

சீடருக்கு ஐம்பது வயசு. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். குருவுக்கு அவரைவிடப் பத்து வயசு கம்மி. அதனால் எப்படிக் கூப்பிடுவது என்பதே ஆரம்பத்தில் பெரிய பாடாக இருந்தது. "குருவே" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "மேடம்" என்றால் கரண்டு ஆபீசில் நிற்கிற மாதிரி இருந்தது. வீட்டுப் பெண்பிள்ளையைக் கூப்பிடுவது போல "அம்மிணி" என்று ஒருநாள் வாயில் வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்குக் காலையில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் மொபெட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனார். மரகதம் குந்த வைத்து உட்கார்ந்து தவிடு பிசைந்துகொண்டிருந்தார்.

"அம்மிணி, ஒரு சமாச்சாரம் கேக்கோணும்."

"கேளுங்கண்ணா."

"புள்ளையத் திருப்பி விட்டறலாமுங்களா?"

மரகதத்தின் கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்தார்.

சமாச்சாரம் இதுதான். கல்யாணமாகி வருஷக்கணக்காகப் பிள்ளை இல்லாமல், சென்னியப்பனும் அவர் சம்சாரம் சாந்தாமணியும் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் எழுதி வைத்துக் காத்துக் கிடந்தார்கள். போன மாசம் ஓவியாவைக் கூட்டி வந்தார்கள். ஐந்து வயசுப் பெண். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும், ஒத்து வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் சொல்லிவிடுங்கள் என்று பேச்சு. நாளைக்குக் காப்பகத்து அம்மா வீட்டுக்கு வருகிறார். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

சாந்தாமணி முதல் நாளே சரி என்றுவிட்டாள். பாக்கி சென்னியப்பன்தான். அவர் மென்று முழுங்குவதைப் பார்த்துப் பார்த்து அன்றைக்குக் காலையில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "போயி உங்க அம்மிணியையே கேட்டுட்டு வாங்க. வேண்டாம்னா நீங்களே அவளக் கூட்டிட்டுப் போயி விட்டுருங்க. என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு, அழுகிற முகத்தைப் பிள்ளை பார்க்காமல் திருப்பிக்கொண்டாள்.

"புள்ள என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார் மரகதம்.

"ஒண்ணும் பண்ணலீங்க. தங்கமான புள்ள. சோறு வேணும், மிட்டாய் வேணும்னு ஒரு அடம் கெடையாது. எனக்குத்தான்..." சென்னியப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஒட்ட மாட்டேங்குதுங்க."

"ம்."

"சாந்தாமணிய அம்மான்னு கூப்புடுது. என்னைய அப்பான்னு கூப்புட மாட்டேங்குது."

"அப்ப என்னன்னு கூப்புடுது?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். ஒரு கோழி வந்து அவர் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"ஏனுங்கன்னு."

"என்னது?"

"ஏனுங்க, சோறு திங்க வாங்க. ஏனுங்க, கரண்டு போயிருச்சு. எங்கூட்டுக்காரி என்னையக் கூப்புடறதக் கேட்டுட்டு அதும் அப்படியே கூப்புடுது."

மரகதம் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. தவிட்டுக் கையோடு வாயைப் பொத்தியதில் மூக்கெல்லாம் தவிடு.

"சிரிக்காதீங்க அம்மிணி! தெருவே சிரிக்குது. மானம் போகுது."

"சரி, சிரிக்கலை." முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னைய நீங்க என்னன்னு கூப்புடறீங்க?"

"அம்மிணின்னு."

"ம்."

அவ்வளவுதான். மறுபடியும் தவிடு. சென்னியப்பன் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

"என்னோட தொழில்ல ஒண்ணு உண்டுங்க" என்று அவரே தொடர்ந்தார். "ஒரு கம்பெனி மோட்டாருக்கு வேற கம்பெனி சாமானப் போட்டாலும் ஓடும். நல்லாவே ஓடும். ஆனா ஓடற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோயிரும், இது அதோட சாமான் இல்லைன்னு. வேற யாருக்கும் கேக்காது. எனக்குக் கேக்கும். வீட்ல அந்தப் புள்ள நடக்கறப்ப எனக்கு அந்தச் சத்தம் கேக்குதுங்க அம்மிணி. பாவம்தான். ஆனா கேக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

தன்னைப் பற்றியே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மரகதம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, ஒரு வேலை இருக்குது."

சில்க்கிக் கோழியைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். உடம்பில் மற்ற கோழிகளுக்கு இருக்கிற மாதிரி இறகு இருக்காது. இலவம்பஞ்சை உருட்டி வைத்த மாதிரி ஒரே முடி. விலக்கிப் பார்த்தால் உள்ளே தோல் கருப்பு. காலில் ஐந்து விரல். பறக்கத் தெரியாது. தலையில் ஒரு கொத்து முடி வளர்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும். அதனால் அது பாட்டுக்கு நடந்து வந்து தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொள்ளும், சுவரில் முட்டிக்கொள்ளும், முட்டிக்கொண்டதற்காக வெட்கப்படவும் செய்யாது.

அடைகாக்கிறதில் மட்டும் அதை மிஞ்ச ஆள் கிடையாது. முட்டை இருந்தாலும் உட்காரும், இல்லாவிட்டாலும் உட்காரும். மரகதத்தின் வெள்ளச்சி ஒருதடவை எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. இன்னொருதடவை சென்னியப்பன் பல்பு மாற்றுகிறேன் என்று வந்து மறந்து வைத்துவிட்டுப் போன திருப்புளியை அடைகாத்தது. அதை எடுக்கப் போனவரைக் கொத்தவும் செய்தது.

அந்த வெள்ளச்சிதான் இப்போது தகரக் கொட்டகைக்குள் கூடையில் உட்கார்ந்திருந்தது. கூடையில் மணல், மணல் மேல் வைக்கோல். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடக் கூடாது என்று ஓரத்தில் ஒரு இரும்பாணி, ஒரு கரித்துண்டு, ரெண்டு வரமிளகாய்.

"அத்தனையும் கூமுட்டை" என்றார் மரகதம்.

"ஐயோ. எப்படிங்க?"

"சேவலுக்குப் பின்னாடி முடி ரொம்ப அடர்ந்துபோச்சு. கத்தரிச்சு விட்டாத்தான் சேரும். நான் மறந்துட்டேன். கரு கூடலை."

"அப்ப இது?"

"அதுக்கென்ன, உக்காந்தே இருக்குது. பொரிக்கற நாள் தாண்டியும் எந்திரிக்க மாட்டேங்குது. ஒழுங்காத் தின்னறதும் இல்லை. தூக்கிப் பாருங்க."

சென்னியப்பன் தூக்கிப் பார்த்தார். முடிதான் கோழி அளவுக்கு இருந்தது. உள்ளே எலும்பு கையில் தட்டியது.

"இப்படியே விட்டா?"

"செத்துப்போயிரும்."

மரகதம் அடுப்படி ஓரத்திலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பேட்டரியில் ஒரு சின்னப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு கைப்பிடி குஞ்சுகள், முதுகில் பழுப்புக் கோடு போட்ட நாட்டுக்கோழிக் குஞ்சுகள். நேற்று ஒரு பண்ணையில் மெஷினில் பொரித்தவை. ஒரு கோழியையும் அவை இதுவரை பார்த்ததில்லை.

"முட்டைய எடுத்துட்டு இதுகள உள்ள வெச்சிருங்க."

"நானா?"

"நீங்கதான்."

கூடைக்கு மேல் சாக்கைப் போட்டு இருட்டாக்கினார்கள். சென்னியப்பன் சாக்குக்கு அடியில் கையை விட்டார். கோழிக்கு அடியில் அடுப்புச் சாம்பல் மாதிரி கதகதவென்று இருந்தது. வெள்ளச்சி அடித்தொண்டையில் உறுமியது. ஒரு கூமுட்டையை உருவினார், ஒரு குஞ்சை நுழைத்தார். இன்னொன்றை உருவினார், இன்னொன்றை நுழைத்தார். எல்லாம் முடிந்ததும் மூச்சை விட்டுச் சாக்கை விலக்கினார்.

வெள்ளச்சி உட்கார்ந்தபடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்கு அடியில் கிய்யா முய்யா என்று சத்தம் வந்தது. அது தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு உறுமல் நின்று வேறொரு குரல் வந்தது, கொக் கொக் கொக் என்று மெதுவாக. பஞ்சுக்குள்ளிருந்து ஒரு பழுப்புத் தலை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது.

"சேத்துக்கிச்சு" என்றார் மரகதம்.

சென்னியப்பன் முகம் மலரவில்லை.

"ஏமாந்துருச்சுன்னு சொல்லுங்க."

"யாரு?"

"கோழிதானுங்க. கண்ணை முடி மறைச்சிருக்குது. சாக்கு வேற போட்டு மூடிட்டோம். தானே பொரிச்சதுன்னு நெனச்சுட்டு உக்காந்திருக்குது. அதுக்கென்ன, குடுத்து வெச்ச கோழி." அவர் சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். "எனக்குக் கண்ணு தெரியுதுங்களே அம்மிணி. நான் எப்படி ஏமாறுவேன்?"

"அப்ப அதுக்கும் முடியத் தூக்கிக் கட்டி விட்டுருங்க."

"என்னங்க?"

"கண்ணு தெரியட்டும்."

சென்னியப்பன் திடுக்கிட்டுப் போனார். "தெரிஞ்சா கொத்திப்புடுமே! புடிக்காத குஞ்சைக் கோழி மண்டையிலயே கொத்திக் கொன்னுபோடும்னு நீங்கதானே ஒருக்கா சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்புறம் ஏனுங்க?"

"கட்டுங்கண்ணா. அடுப்புல பால் இருக்குது." மரகதம் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இந்த அம்மிணி விளையாடுகிறதா, நிஜமாகத்தான் சொல்கிறதா? சென்னியப்பன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து கோழியைப் பார்த்தார். காலையில் வரும்போது மனசில் ஒரு குழப்பம்தான் இருந்தது. இப்போது அது குட்டி போட்டிருந்தது. ஆனால் குரு சொன்னால் செய்துதானே ஆக வேண்டும். கட்டுவதற்கு ஏதாவது இருக்குமா என்று சட்டைப் பையில் கையை விட்டார்.

ஒரு ரப்பர் பேண்டு வந்தது. ரோஸ் கலர், நடுவில் பிளாஸ்டிக் பூ. காலையில் சாந்தாமணி தலை சீவி விடும்போது ஓவியா அதைக் கழற்றி, "ஏனுங்க, இதப் புடிங்க" என்று அவர் கையில் திணித்திருந்தாள். அப்புறம் நடந்த பேச்சில் திருப்பிக் கொடுக்க மறந்துபோனார்.

அதை வைத்து வெள்ளச்சியின் முன்முடியைச் சேர்த்துப் பிடித்துக் கட்டினார். வாழ்க்கையில் யாருக்கும் அவர் முடி கட்டி விட்டதில்லை. இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை கோணலாக நின்றது. பூ வைத்த குடுமியோடு கோழி நிமிர்ந்தது.

அடியில் ரெண்டு கண்கள். மிளகு மாதிரிச் சின்னக் கருப்புக் கண்கள். சென்னியப்பன் இத்தனை வருஷத்தில் அந்தக் கண்களைப் பார்த்ததே இல்லை.

வெள்ளச்சி தலையை அப்படித் திருப்பியது, இப்படித் திருப்பியது. வெளிச்சம் கூசியிருக்க வேண்டும். பிறகு குனிந்து குஞ்சுகளைப் பார்த்தது. ஒரு கண்ணால் ஒரு குஞ்சை, இன்னொரு கண்ணால் இன்னொன்றை. பழுப்புக் கோட்டைப் பார்த்தது. காலைப் பார்த்தது. நாட்டுக் குஞ்சுக்கு நாலு விரல்தான். நிமிர்ந்து சென்னியப்பனைப் பார்த்தது.

பிறகு எழுந்தது. குஞ்சுகள் நாலாபக்கமும் உருண்டன. கூடையின் விளிம்பைத் தாண்டிக் குதித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், விடுவிடுவென்று வெளியே போய்விட்டது.



சென்னியப்பன் சொன்னது பலித்துவிட்டது. கண் தெரிந்தது, போய்விட்டது. நியாயமாகப் பார்த்தால் "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று எழுந்து நிற்க வேண்டிய இடம். ஆனால் சந்தோஷமாக இல்லை. அடப்பாவி கோழி, இப்படியா போவாய் என்று இருந்தது.

காற்று தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. குஞ்சுகள் வைக்கோலில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கத்தின. சென்னியப்பன் சாக்கை எடுத்து மூடினார். கத்தல் கூடியது. சாக்கை எடுத்தார். ஒரு குஞ்சு மணலில் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"ஏ, ஏ, தூங்காத" என்றார் அதனிடம்.

வேட்டியைத் தூக்கி மடி கட்டி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக அள்ளி அதற்குள் போட்டுக்கொண்டார். தூங்கினதை மட்டும் கையிலேயே வைத்துப் பொத்தி வாயால் ஊதினார். "இருங்க சாமி, இருங்க. வந்துரும். வராம எங்க போயிரும்?" வராது என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் குஞ்சிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

அட்டைப் பெட்டியைத் தேடினார். மரகதம் உள்ளே எடுத்துப் போயிருந்தார். கூப்பிட வேண்டும், அவசரத்துக்கு அம்மிணி என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

"ஏனுங்க!" என்று கத்தினார். "ஏனுங்க! இங்க கொஞ்சம் வாங்க!"

கத்தின பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மரகதம் கையில் டீ டம்ளரோடு வந்தார். வேகமாக ஒன்றும் வரவில்லை.

"என்னாச்சுண்ணா?"

"போயிருச்சுங்க. கண்ணு தெரிஞ்சதும் பாத்துச்சு. ஒவ்வொண்ணாப் பாத்துச்சு. எந்திரிச்சுப் போயிருச்சு."

"எங்க?"

சென்னியப்பன் வெளியே கையைக் காட்டினார். காட்டிய இடத்தில் வெள்ளச்சி தொட்டியில் தலையைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குடித்துவிட்டுத் தவிட்டுக்கு வந்தது. பல நாள் பசி, தலை நிமிராமல் தின்றது. அப்புறம் கொஞ்சம் தள்ளிப் போய், ரொம்ப நேரம் அடக்கி வைத்த ஆளைப் போல ஒரு குவியல் எச்சம் போட்டது.

"அடைக்கோழி ஒருவாட்டி எந்திரிச்சுப் போயித்தானுங்கண்ணா ஆகோணும்" என்றார் மரகதம். "அதுக்கும் வவுறு இருக்குதுல்ல."

"அப்ப திரும்பி வருமுங்களா?"

"தெரியலை."

"தெரியலைன்னா எப்படிங்க? நீங்களே தெரியலைன்னா?"

மரகதம் டீயை ஊதிக் குடித்தார். சென்னியப்பனுக்கு அந்த டம்ளரைப் பிடுங்கி எறியலாமா என்று வந்தது.

தொட்டியருகே வெள்ளச்சி உடம்பை ஒரு உதறு உதறியது. தலை தூக்கியது. கட்டின குடுமியும் ரோஸ் பூவும் காற்றில் ஆட, ஓடி வந்தது. இந்தத் தடவை எதிலும் முட்டிக்கொள்ளவில்லை. கூடைக்குள் குதித்தது. வெறும் வைக்கோல். வைக்கோலைக் காலால் சீய்த்துப் பார்த்தது. கரித்துண்டைத் திருப்பிப் பார்த்தது. கொக் கொக் என்றது.

சென்னியப்பனின் மடிக்குள்ளிருந்து பதில் வந்தது.

வெள்ளச்சி திரும்பியது. கூடையிலிருந்து இறங்கி நேராக அவர் காலடிக்கு வந்து, உடம்பு முடியெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகி நின்றது. அண்ணாந்து அவரைப் பார்த்தது. பிறகு கணுக்காலில் ஒரு கொத்து கொத்தியது.

"ஆ!"

"கேக்குது" என்றார் மரகதம். "திருப்பிக் குடுத்துருங்க."

சென்னியப்பன் ஒரு எட்டு பின்னால் போனார்.

"இருங்க அம்மிணி, அவசரப்படாதீங்க. இப்ப அதுக்குக் கண்ணு தெரியுது. நம்ம குஞ்சு இல்லைன்னு கொத்திப்புட்டா என்ன பண்றது? கால்ல எப்படிக் கொத்துது பாத்தீங்கல்ல? நாளைக்கு இன்னொருக்கா எந்திரிச்சுப் போயி அப்படியே இருந்துட்டா? காத்து வேற இந்த அடி அடிக்குது. இதுல ஒண்ணு பாருங்க, இப்பத்தான் கண்ணத் தொறந்திருக்குது. நான் வேணும்னா வீட்டுக்குக் கொண்டுபோயி, ஒரு பெட்டியில பல்பு போட்டு..."

சொல்லிக்கொண்டே ஒரு கையால் மடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். இன்னொரு கைக்குள் அந்தக் குஞ்சு அவர் கட்டைவிரலைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

மரகதம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுக்கு நீங்க எதுக்குண்ணா இப்படிக் கெடந்து பதறுறீங்க? நீங்க போட்ட முட்டையா?"

சென்னியப்பன் குனிந்து வெள்ளச்சியின் தலையிலிருந்த ஓவியாவின் ரோஸ் பூவைப் பார்த்தார். மடியைப் பிடித்திருந்த கையைத் திறக்கவில்லை.